கிடங்கில் குடியிருந்த லாட வௌவால்கள்

திருநாவலூர் என்றவுடன் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலம் என்பதே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வரும். சரித்திரம் பயின்றவர்கள், 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் உயிர் நீத்த சோழ இளவரசன் இராசாதித்தன் அதற்கு முன் தன் படையுடன் தங்கியிருந்த ஊர் இது என்பதையும் எடுத்துச் சொல்வர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கெடிலம் பாயும் பகுதியில் உள்ள இவ்வூரைச் சுற்றிலும் பழங்கட்டடங்கள் உண்டு. பழங்கட்டடம் உள்ள இடத்தில் வௌவாலும் இருக்கும். இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்ற ஆண்டு வைகாசியில் நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அங்கே கண்டதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நிர்வாகக் கமிட்டியின் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது இனமாக ஒரு விஷயம் இருந்தது. "நூல் கிடங்கில் வௌவால் தொல்லை. புகையிட்டு அவற்றை அழித்து, சுவரின் துவாரங்களைச் சிமெண்டு வைத்து அடைக்க ஆகும் செலவுக்கு அனுமதி" என்று காரியதரிசி எழுதி வைத்திருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. மூன்று நூற்கட்டுகளின் மேல் எச்சமும் சிறுநீரும் விழுந்து கறை பிடித்திருந்தது. கறை பட்ட இடத்தில் சாயம் சீராக ஏறாது. நூல் சங்கத்தின் சொத்து. அங்கத்தினரின் கூலியும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தத் தீர்மானத்தை நாம் அலட்சியமாகக் கருதவில்லை.

ஆயினும், எந்தச் சரக்கையும் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யுமுன் அதனை நேரில் பார்க்க வேண்டும் என்பது ஆய்வாளன் கற்கும் முதற் பாடம். கைமின்விளக்கை எடுத்துக்கொண்டு கிடங்கின் பின்னறைக்குச் சென்றோம். கூரையின் மரக்கட்டைகளில் ஏறக்குறைய 60 சிறு வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் சிறகுகளையே போர்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தது. எம்முடன் வந்த முதியவர் ஒருவர், "ஐயா, எங்கள் கொய்யாத் தோப்பைப் பாழாக்குவதும் இவைதாமே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவை கொய்யாவைத் தீண்டுவதில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் ஒருவர் கடனை மற்றொருவர் பற்றில் எழுதிய கதைதான் இது.

ஒரே பெயரில் பல கணக்குகள்

வௌவால் பறவையன்று, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. அதன் சிறகு என்பது, நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோலேயாகும். உலகில் இன்று 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. நம் முன்னோர் பெரியதை வாவல் என்றும், சிறியதைத் துரிஞ்சில் என்றும் பிரித்து வழங்கினர். பின்வந்த நாமே அவையனைத்தையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிட்டோம்.

பழந்தின்னி வௌவாலுக்கு நாய் போன்ற நீண்ட முகமும், பெரிய கண்களும் உண்டு. பழமும் பூந்தேனும் அதன் ஆகாரம். கொய்யாத் தோப்புக்கு வருவது அதுவே. கிடங்கில் நாம் கண்ட பிராணிக்கோ கண்கள் மிகச் சிறியவை. மூக்கைச் சுற்றித் தோலாலான விசித்திரமான மடல் ஒன்று இருந்தது. கீழ்ப்பகுதி லாடம்போல் வளைந்திருந்தது. உழவு மாட்டுக்கு இரு துண்டாக அடிக்கும் லாடமன்று, குதிரைக் குளம்புக்கு அடிக்கும் முழு லாடம். நடுவில் சேணம்போல் முன்னோக்கி எழுந்த ஒரு சிறு மடல். அதற்கு மேலே, நெற்றியை நோக்கி ஈட்டிமுனைபோல் கூர்ந்த மற்றொரு மடல். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் அது லாட வௌவால்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு 1774-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஷ்ரேபர் பெயரிட்டபோது, குதிரை லாடம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே சூட்டினார். 1799-இல் பிரெஞ்சு அறிஞர் லசெபேத் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'ரைனோலோபஸ்' என்று பெயர் வைத்தார். மூக்கில் கொண்டை உடையது என்பது அதன் பொருள். இன்று இந்த ஒரே பேரினத்தில் 100-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் இவை வாழ்கின்றன; அமெரிக்கக் கண்டங்களில் ஓர் இனமும் இல்லை.

நம் பகுதிக்கு இவ்விஷயத்தில் ஒரு சிறப்பு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் செந்நிற லாட வௌவாலை 1835-இல் டச்சு அறிஞர் டெம்மிங்க் உலகுக்கு அறிவித்தபோது, அதன் பிறப்பிடமாகப் பதிவானவை புதுச்சேரியும் கல்கத்தாவும் ஆகும். இதன் பங்காளியான இலைமூக்கு வௌவால் ஒன்று தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரியைக்கொண்டு 1800-இல் ஷ்னைடர் என்பவரால் பெயரிடப்பட்டது. புதுச்சேரியும் தரங்கம்பாடியும் நமக்கு அயலூர்கள் அல்ல. நம் கரையில் பிடித்த பிராணிகள் ஐரோப்பியக் கண்ணாடிப் பெட்டிகளில் பெயர்ச்சீட்டுடன் இருக்க, நம் கூரையில் உள்ளவை பெயரின்றித் தொங்குகின்றன.

இலைமூக்கு வௌவாலையும் லாட வௌவாலையும் பிரித்தறிய இரு அடையாளங்கள் போதும். இலைமூக்கு வௌவாலுக்கும் கீழே லாட வடிவம் உண்டு. ஆனால் நடுவே சேண மடலும், மேலே கூர்ந்த ஈட்டிமுனையும் இல்லை. மற்றொன்று கால்விரல். இலைமூக்கு வௌவாலின் ஒவ்வொரு கால்விரலிலும் இரண்டு எலும்புகளே உண்டு. லாட வௌவாலுக்கு முதல் விரல் நீங்கலாக மற்றவற்றில் மூன்று எலும்புகள் உண்டு.

வகைப்படுத்தலில் அண்மைக் காலத்தில் ஒரு பெரிய திருத்தமும் நேர்ந்துள்ளது. பழந்தின்னிகளைப் பெருவௌவால் எனவும், பூச்சி தின்பவற்றைச் சிறுவௌவால் எனவும் இரு பிரிவாக நெடுங்காலம் எழுதி வந்தனர். 2000-ஆம் ஆண்டு முதல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், லாட வௌவால்கள் மற்றச் சிறுவௌவால்களைவிடப் பழந்தின்னிகளுக்கே இரத்த உறவில் நெருங்கியவை என்று தெரியவந்தது. ஆகவே கிளைகள் மாற்றி எழுதப்பட்டன. பங்காளியாயினும் அடுக்களை வேறு. லாட வௌவால் உண்பது பூச்சியையே.

தறியோசைபோல் ஒரு குரல்

இருளில் வௌவால் எவ்வாறு வழி காண்கிறது? 1793-இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, கண்ணிழந்த வௌவாலும் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். ஜினீவாவின் ஜூரின் என்பார் செவியை அடைத்துப் பார்த்தபோது அது திக்குத் தெரியாமல் மோதியது. காரணம் விளங்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரிஃபினும் பியர்சும், மனிதர் செவிக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புவதைக் கருவியால் கண்டறிந்தனர். தன் குரலின் எதிரொலியைக் கேட்டே அது வழியறிகிறது.

பெரும்பாலான சிறுவௌவால்கள் வாய் திறந்து ஒலிக்கின்றன. லாட வௌவாலோ வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒலிக்கிறது. இதனை 1950-களில் ஜெர்மானியரான மோரெஸ் விளக்கினார். மூக்கு மடல் வீண் அலங்காரமன்று. ஒலியைக் குவித்து முன்னே செலுத்தும் கருவி.

அதன் குரலில் வேறொரு விசேஷமும் உண்டு. பிற வௌவால்களின் ஒலி மேலிருந்து கீழாக விரைந்து சரியும். லாட வௌவாலின் ஒலியோ பெரும்பகுதியும் ஒரே சுருதியில் நிற்கும். மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். செந்நிற லாட வௌவாலின் குரல் ஏறக்குறைய 80,000 அதிர்வு.

ஒரே சுருதியில் நிற்பதால் ஆவதென்ன? நெசவாளருக்கு இதனை விளக்குதல் எளிது. தறி ஓடும்போது அதன் ஓசை ஒரே சீராக ஒலிக்கிறது. நெய்பவர் அதற்குச் செவி கொடுப்பதே இல்லை. எங்கேனும் ஓர் இடத்தில் ஓசை பிசகினால் உடனே கை நின்றுவிடுகிறது. சீரான ஓசை இருந்தால்தான் பிசகு தெரியும். அவ்வாறே, அசையாத இலையிலிருந்து திரும்பும் எதிரொலி சீராக இருக்கும். சிறகடிக்கும் பூச்சியிலிருந்து வரும் எதிரொலி மட்டும் அச்சிறகடிப்புக்கு ஏற்ப நடுங்கும். அடர்ந்த தழைகளுக்கிடையே பறக்கும் பூச்சியை லாட வௌவால் அந்த நடுக்கத்தால் கண்டுகொள்கிறது. பறக்காமல் சிறகு ஒடுக்கி அமர்ந்த பூச்சியை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்கிறதன்றோ? வௌவால் முன்னோக்கிப் பறக்கும்போதும் எதிரொலியின் சுருதி அவ்வாறே உயர்ந்துவிடும். அதன் செவியோ குறித்த ஒரு சுருதியை நுணுகிக் கேட்பதற்கென்றே அமைந்தது. ஆகவே, திரும்பி வரும் ஒலி அச்சுருதியிலேயே வந்து சேருமாறு, அது பறக்கும் வேகத்துக்குத் தக்கபடி தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. 1968-இல் ஜெர்மானியரான ஷ்னிட்ஸ்லர் இதனைக் கண்டறிந்தபோது விஞ்ஞான உலகம் வியந்தது. சில கிராம் எடையுள்ள பிராணி, நொடிக்கு நொடி இக்கணக்கைப் போட்டுத் திருத்துகிறது.

இலங்கையில் செந்நிற லாட வௌவாலை ஜெர்மானியரான நாய்வைலரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1987-இல் எழுதியுள்ளனர். மாலையில் அவை முதலில் பறந்தே வேட்டையாடுகின்றன. பின்னர்ச் சிறு கிளையொன்றில் தொங்கி, சுற்றிலும் ஒலியெழுப்பிப் பார்த்திருந்து, பூச்சி வந்ததும் பாய்ந்து பிடித்து மீண்டும் அதே கிளைக்குத் திரும்புகின்றன. பகலில் கரிச்சான் குருவி செய்வதை இரவில் இது செய்கிறது.

குரல் இனத்தைப் பிரிக்கவும் உதவியது. தென்னிந்தியாவின் செந்நிற லாட வௌவால்களில் சில ஏறக்குறைய 80,000 அதிர்விலும், சில ஏறக்குறைய 90,000 அதிர்விலும் ஒலிப்பது தெரியவந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் பெங்களூரையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, இவை இரு வேறு இனங்கள் என 2012-இல் அறிவித்தனர். ஒரே பெயரில் இருந்த கணக்கு மீண்டும் இரண்டாயிற்று. இக்காரணத்தாலேயே, நாம் கிடங்கில் கண்டவை லாட வௌவால்கள் என்று கூறியதோடு நின்றோம். எந்த இனம் என்று துணிந்து கூற அளவுகோலும் ஒலிப்பதிவும் வேண்டும், கைமின்விளக்கு போதாது.

மெல்லச் சேரும் மூலதனம்

நாம் மேலே நோக்கிக்கொண்டிருந்தபோது, தார் சுற்றும் அம்மையார் ஒருவரும் வாயிற்படியில் வந்து நின்றார். "ஐயா, அந்த ஓரத்தில் இருப்பதன் வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே!" என்றார். விளக்கைத் திருப்பினோம். உரோமம் முளையாத குட்டி ஒன்று தாயின் அடிவயிற்றைப் பற்றியிருந்தது. பிறகு பார்த்தால் பலவற்றுக்கும் குட்டி இருந்தது.

லாட வௌவாலின் தாய்க்கு மார்பில் பால் சுரக்கும் காம்புகளோடு, அடிவயிற்றில் பால் சுரவாத இரு பொய்க் காம்புகளும் உண்டு. குட்டி அவற்றை வாயால் கவ்விக்கொண்டு தாயுடன் தொங்கும். ஆண்டுக்கு ஒரு குட்டியே பிறக்கும். அது பறக்கக் கற்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலியைப்போல் இவை பெருகுவதில்லை. ஆனால் ஆயுள் நீண்டது. ஐரோப்பாவின் பெரிய லாட வௌவால் ஒன்று 30 ஆண்டு வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. சிறு பங்குத்தொகை ஆண்டுக்காண்டு சேர்ந்து மூலதனமாகும் சங்கத்தைப் போன்றது இக்கூட்டம். ஒரே நாளில் அழித்துவிட்டால் பல்லாண்டுச் சேமிப்புப் போய்விடும்.

அவ்வாறு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சான்று. அங்கே அனுமனஹள்ளியில் உள்ள ஒரே குகையில்தான் கோலார் இலைமூக்கு வௌவால் என்னும் இனம் உயிர் வாழ்கிறது. எண்ணிக்கை 200-க்கும் குறைவு. சுற்றிலும் கருங்கல் வெட்டியதே அதற்கு நேர்ந்த ஆபத்து. அந்த ஒரு குகை போனால் உலகில் அவ்வினமே இல்லை.

கூட்டுறவாளர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. மதுரைக்கு அருகே ஒரு குகையில் இலைமூக்கு வௌவால்களை மதுரைப் பல்கலைக்கழகத்தின் சந்திரசேகரன், மாரிமுத்து முதலியோர் ஆராய்ந்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டனர். பகலும் இரவும் தெரியாத இருளில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தனர். குகையில் மற்ற வௌவால்கள் போய் வந்துகொண்டிருந்தவரை, கூண்டில் இருந்ததும் அவற்றின் நேரத்தையே பின்பற்றியது. கூட்டம் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் பிசகியது. கூட்டமே அதற்குக் கடிகாரமாயிருந்தது.

வரவும் செலவும்

இப்பிராணியால் விவசாயிக்கு வரவு உண்டா என்று கேட்பது நியாயமே. லாட வௌவாலின் ஆகாரத்தில் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் பெரும்பகுதி. பருத்திக் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவும், நெல்லின் குருத்தைக் காயவைக்கும் தண்டுத் துளைப்பானும் வளர்ந்தபின் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளே என்பதை விவசாயிகள் அறிவர். அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு வௌவாலின் ஒலியைக் கேட்டுத் தப்பும் செவியும் உண்டு. ஆனால் லாட வௌவாலின் மிக உயர்ந்த சுருதி அச்செவி நன்கு கேட்கும் எல்லைக்கு மேலே நிற்கிறது.

பிற நாடுகளில் பிற வௌவால்களைப் பற்றிப் பணக்கணக்கும் போட்டிருக்கின்றனர். அமெரிக்காவின் டெக்ஸாஸில், காய்ப்புழு அந்தை உண்ணும் வால்நீள் வௌவால்களால் ஒரு பகுதிப் பருத்திக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 7,41,000 டாலர் மிச்சம் என்று 2006-இல் கணித்தனர். அந்தப் பருத்தியின் ஆண்டு மதிப்பே 46 லட்சம் முதல் 64 லட்சம் டாலர் வரைதான். தாய்லாந்தில் ஒரே வௌவால் இனம் ஒரே பூச்சியை உண்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 டன் நெல் இழப்புத் தவிர்கிறது என்று 2014-இல் கணித்தனர். அந்தத் தொகைகளை அப்படியே நம் பேரேட்டில் எழுதலாகாது. அவை வேறு இனங்கள், வேறு வயல்கள். ஆயினும் எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

செலவுப் பக்கத்தையும் மறைத்தல் கூடாது. 2002-03-இல் பரவிய சார்ஸ் நோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் சீனத்து லாட வௌவால்களில் இருப்பது 2005-இல் தெரிந்தது. 2020-இல் உலகை வாட்டிய கொரோனாக் கிருமியின் நெருங்கிய உறவுகளும் சீனம், லாவோஸ் ஆகிய நாடுகளின் லாட வௌவால்களில் காணப்பட்டன. ஆகவே வௌவாலைக் கையால் தொடலாகாது, பிடித்து விளையாடலாகாது, கடிபட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உலர்ந்த எச்சத்தின் தூசும் நுரையீரலுக்குக் கேடு. அதனை அகற்றுமுன் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். புகையிட்டு விரட்டினாலோ, மிரண்ட பிராணிகள் மனிதர் மேலேயே வந்து விழும். தூர நின்றால் வராத ஆபத்தை விரட்டி வரவழைத்தவராவோம்.

கமிட்டி செய்த முடிவு

அன்று மாலை கமிட்டி கூடியது. நாம் கண்டதைச் சொன்னோம். "வௌவாலுக்காக நூலைக் கெடவிட முடியுமா?" என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். முடியாது என்றே நாமும் கூறினோம். நூலையும் வௌவாலையும் பிரித்து வைப்பதே வழி. இப்போது துவாரத்தை அடைத்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே மடியும். அழுகிய நாற்றம் நூலில் ஏறும். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் கேட்டோம். முதியவர் மெல்லச் சிரித்தார்.

விவாதத்துக்குப் பின் தீர்மானம் திருத்தப்பட்டது. நூற்கட்டுகள் முன்னறைக்கு மாற்றப்பட்டன. முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே கம்பிவலைக் கதவு போட்டனர். பின்னறையில் பழைய தார்ப்பாய் விரித்து, வாரம் ஒருமுறை அதனை அகற்றுவது ஏற்பாடு. வலைக்கும் தச்சுக்கூலிக்கும் ஆன செலவு, முதலில் கேட்ட சிமெண்டுச் செலவைவிடச் சற்றுக் கூடுதலே. அதையும் மறைக்காமல் பதிவு செய்தோம். கறைபட்ட மூன்று கட்டுகள் நஷ்டத்தில் எழுதப்பட்டன.

ஆவணியில் மீண்டும் சென்றோம். குட்டிகள் பறக்கத் தொடங்கியிருந்தன. முன்னறைச் சுவரில் எஞ்சியிருந்த துவாரங்களை, அந்தியில் யாவும் வெளியேறிய பின் ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்தார்கள். பின்னறைச் சாளரம் மட்டும் திறந்திருக்கிறது. தார்ப்பாயில் சேர்ந்த எச்சத்தை முதியவர் தம் கொய்யாத் தோப்புக்கு எருவாகக் கேட்டு வாங்கிச் செல்கிறார். முன்னறையில் ஒரு கட்டும் அதன் பின் கெடவில்லை.

அங்கத்தினர்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே. உங்கள் சங்கக் கிடங்கிலோ, பழைய மண்டபத்திலோ, தூர்ந்த கிணற்றிலோ வௌவால் இருந்தால், அழிக்கும் தீர்மானம் எழுதுமுன் ஒரு விளக்கை எடுத்துச் சென்று, தொடாமல், அதன் மூக்கைப் பாருங்கள். வயிற்றில் குட்டி உண்டா என்றும் பாருங்கள். பின்னர்த் தீர்மானம் எழுதுங்கள்.